மூன்றாவது சாட்சி

ஊசி போட்டு இருபது நிமிஷத்துக்குள் மாமனார் சாப்பிட்டாக வேண்டும். எழுதி ஒட்டவில்லையே தவிர, அந்த வீட்டில் அதுதான் சட்டம். டெய்லரக்கா மூன்று வருஷமாக ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அன்றைக்குத்தான் தவறினாள்.

ஒன்பது ஐம்பதுக்கு இன்சுலினைப் போட்டுவிட்டு, ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் பாலைச் சூடாக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடிக்கைக்காரி. பிள்ளையின் பள்ளிச் சீருடையில் கை நீளம் குறைகிறதாம். அளவு நாடாவை எடுத்து, குறைந்தது கை நீளமில்லை, வளர்ந்தது பிள்ளை என்று நிரூபித்து அனுப்புவதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிட்டது. உள்ளே வந்து பார்த்தால் தட்டு இருந்தது, ரொட்டி இருந்தது, நாற்காலி இருந்தது. மாமனாரைக் காணோம்.

அவருக்கு எழுபத்தாறு வயசு. முப்பத்து மூன்று வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். தெருவே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மூன்று வருஷமாக ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருக்கிறது. பெற்ற மகனின் பேர் போய்விட்டது. சாப்பிட்டோமா இல்லையா என்பது போய்விட்டது. நாலு பேர் சேர்ந்து நின்றால் "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு" என்று சொல்வது மட்டும் போகவில்லை.

குளியலறை, மொட்டை மாடி, பின்பக்கச் சந்து எல்லாம் பார்த்தாயிற்று. வெறும் வயிற்றில் ஊசி மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் வியர்க்கும், கை நடுங்கும். இரண்டு மணி நேரத்தில் மயக்கம். அதற்கு மேல் டாக்டர் சொன்னதை நினைத்துப் பார்க்கக்கூட அவளுக்குத் தைரியமில்லை. புருஷனைக் கூப்பிட்டாள். தொழிற்சாலையில் போன் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், இரண்டு மணிக்குத்தான் வெளியே வரும். தகவல் போட்டுவிட்டு வட்டத்தைத் திறந்தாள்.

வட்டம் என்பது அந்தப் பகுதியின் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டும் உள்ள வலைத்தளம். பெரிய கம்பெனிகளின் பக்கங்களில் யார் மனுஷன், எது இயந்திரம் என்று தெரியாமல் போனபிறகு, ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. இவர்களுடையது மருந்துக்கடையின் மேல் அலமாரியில், செருப்புப் பெட்டி அளவில், பச்சை விளக்குடன் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வரும் நேரம், மின்தடை, டாக்டர் வந்துவிட்டாரா என்பது வரை எல்லாம் அதில்தான். அதில் ஒரு செய்தி உறுதியானால் போதும். எல்லா வீட்டுப் போனும் ஒரே நேரத்தில் அலறும், ஆட்டோக்காரர்களுக்குப் போகும், போலீஸ் வண்டிக்கும் போகும்.

உறுதியாக மூன்று சாட்சி வேண்டும். கண்ணால் பார்த்த மூன்று பேர் சாட்சி போடும்வரை செய்தி எழுதியவரின் தெருவைத் தாண்டாது. பொய்யென்றோ தப்பென்றோ தெரிந்தால், எழுதியவரோடு சேர்த்துச் சாட்சி போட்டவர்களும் ஒரு மாதம் ஊமை. எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. ஒரு எழுத்தை மாற்றினாலும் அதுவரை விழுந்த சாட்சி செல்லாது. எத்தனை பெரிய மனுஷர் வந்தாலும் குறுக்கு வழி கிடையாது.

இத்தனையும் கொண்டுவந்தது யார் என்றால், சாட்சாத் டெய்லரக்காதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொய்ப் படத்தால் ஓர் அப்பாவியை அடித்துக் கையை ஒடித்துவிட்டார்கள். அதன்பிறகு பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஒருநாளும் மேடை ஏறாதவள் அன்றைக்கு எழுந்து, குரல் நடுங்க நடுங்க, இந்த விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐந்து காவலர்களில் முதல் பேர் அவளுடையது.

பத்து இருபதுக்கு எழுதினாள். "என் மாமனார் கண்டக்டரைக் காணவில்லை. வீட்டில் இல்லை. இன்சுலின் போட்டிருக்கிறது, சாப்பிடவில்லை. பார்த்தவர்கள் உடனே ஏதாவது இனிப்புக் கொடுத்துவிட்டு எனக்குச் சொல்லவும்."

எழுதிய கையோடு மாடிக்கு ஓடினாள். மாடி வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் இருந்தார்.

"டீச்சர், ஒரு சாட்சி போடுங்க. மாமாவைக் காணோம்."

"போடறேம்மா. உனக்குப் போடாம யாருக்குப் போடப் போறேன்." டீச்சர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "வீட்டுல இல்லன்னு எழுதியிருக்க. அதை நான் என் கண்ணால பாக்கணும்ல?"

"நான்தான் சொல்றேனே டீச்சர்."

"கேட்டதுக்குச் சாட்சி போடாதீங்க, பாத்ததுக்குப் போடுங்கன்னு மைக்கைப் பிடிச்சுச் சொன்னவ நீதான்."

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்த டீச்சர், கட்டிலுக்கடியில் பார்த்தார். குளியலறையில் வாளிக்குப் பின்னால் பார்த்தார். துணி அலமாரியைத் திறந்தார்.

"அதுக்குள்ள எப்படி டீச்சர் இருப்பாரு?"

"போன மாசம் கண்ணாடிக் கடைக்காரரைக் காணோம்னு எழுதினாங்க. மனுஷன் மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி குறட்டை விட்டுட்டிருந்தாரு. சாட்சி போட்ட மூணு பேரும் ஒரு மாசம் ஊமை. அவரு அங்க இருப்பாருன்னு யாரு நெனைச்சா?"

பத்து முப்பத்தெட்டுக்கு முதல் சாட்சி விழுந்தது. கடிகாரத்தில் பார்த்தால் பதினெட்டு நிமிஷம். மாமனாரின் ரத்தத்தில் இருந்து பார்த்தால் அது எவ்வளவு என்று கணக்குப் போட அவள் துணியவில்லை.

இரண்டாவது ஆளுக்காகத் தெருமுனை இஸ்திரிக் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் ஒரு சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"கண்டக்டரா? பாத்தேனே. பத்து மணி, பத்தே கால் இருக்கும். ரைட் ரைட்டுன்னு சொல்லிக்கிட்டே போனாரு. நான்கூட ஒரு விசில் குடுத்தேன். கையைக் காட்டிட்டுப் போனாரு."

"எந்தப் பக்கம்ணே?"

"பெரிய ரோட்டுப் பக்கம். அப்புறம் எங்க திரும்பினாருன்னு தெரியல."

அவளுக்கு மூச்சு வந்தது. "அப்ப சாட்சி போடுங்கண்ணே. சீக்கிரம்."

அவர் போனை எடுத்தார், படித்தார், தலையைச் சொறிந்தார். "எப்படிக்கா போடறது? காணலைன்னு எழுதியிருக்கீங்க. நான்தான் கண்டேனே."

"அண்ணே."

"கோச்சுக்காதீங்க. அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்குச் சாட்சி போட்டு ஊமையானவன்ல நானும் ஒருத்தன். தண்ணி எப்ப வருது, கரண்ட் எப்ப போகுது, ஒண்ணும் தெரியல. சூடு போட்ட பெட்டியைக் கையில வெச்சுட்டு முழிச்சேன். பாதி வாடிக்கை போச்சு. ஒண்ணு பண்ணுங்க. என் கடை வழியா இன்ன நேரம் போனாருன்னு எழுதுங்க. கண்ணை மூடிட்டுப் போடறேன்."

கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. எழுதியதை மாற்றினாள். இஸ்திரிக்காரர் சொன்ன சொல் தவறாமல் சாட்சி போட்டார். எண்ணிக்கையைப் பார்த்தாள். ஒன்று. எழுத்து மாறியதால் டீச்சரின் சாட்சி உதிர்ந்துவிட்டது. டீச்சரைக் கூப்பிட்டாள்.

"இஸ்திரிக்கடை வழியா போனதை நான் பாக்கலையேம்மா," என்றார் டீச்சர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனாள். மனுஷன் பழைய பஸ் தடத்தில்தான் நடக்கிறார், அது நிச்சயம். ஆனால் எந்தத் தடம்? முப்பத்து மூன்று வருஷத்தில் பதினொரு தடத்தில் ஓடியவர். சந்தைப் பக்கம் போய் ஒவ்வொரு நிறுத்தமாகப் பார்த்தாள். வெயிலில் எந்தக் கிழவரின் வெள்ளைச் சட்டையும் மாமனாரின் சட்டையாகத் தெரிந்தது. "வயசானவர் ஒருத்தர், ரைட் ரைட்னு சொல்லிட்டு..." என்று கேட்டால், கேட்டவர்கள் முதலில் தங்கள் போனைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லாததால் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அந்த வழியில் முக்கால் மணி நேரம் வீணாகப் போனது.

திரும்பி நேராக மருந்துக்கடைக்கு வந்தாள். மருந்துக்கடைக்காரரும் ஒரு காவலர்.

"தம்பி, ஒருதடவை நேரா அனுப்பி விடுங்க. ஒரே ஒரு தடவை."

"ஊசி போட்டு எவ்ளோ நேரம் ஆச்சுக்கா?"

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

அவர் முகம் மாறிவிட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியை எடுத்துத் துடைத்து, போனோடு சேர்த்து ஏதேதோ தட்டிப் பார்த்தார். திரையில் மரியாதையாக ஒரு வரி வந்தது: உங்கள் பதற்றம் புரிகிறது. இன்னும் இரண்டு சாட்சிகள் தேவை.

"சாவியே இல்லக்கா. காவலருக்கும் சாவி வேணாம்னு நீங்கதான் ஒத்தக் கால்ல நின்னீங்க."

"நீங்க ஒரு சாட்சியாவது..."

"இஸ்திரிக் கடை வழியா போனதை நான் பாக்கலையே. இன்சுலின் எங்கிட்டதான் வாங்கினீங்கன்னு வேணா போடறேன். ஆனா அதை எழுதினா இஸ்திரிக்காரர் சாட்சி போயிடும்." சொல்லும்போதே அவருக்கே வெட்கமாக இருந்தது போலும். ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்து அவள் கையில் திணித்தார். "இதை வெச்சுக்கோங்க. கிடைச்ச உடனே குடுங்க."

கிடைத்தால் அல்லவா.

போலீஸைக் கூப்பிட்டாள். ஒரு பெண் பேசினாள்.

"வட்டத்துல உறுதியாயிடுச்சாம்மா?"

"இல்லைங்க. ஒரு சாட்சிதான் விழுந்திருக்கு."

"உறுதியானா எங்களுக்குத் தானா வந்துரும், அப்பதான் வண்டி அனுப்ப முடியும். பேரை எழுதிக்கறேன். எங்க கால் வெளி நம்பர்ல இருந்து வரும். உங்க போன்ல வெளியாள் தடுப்பு இருந்தா எடுத்து வைங்க."

வெளியாள் தடுப்பு இருந்தது. எல்லார் போனிலும் உண்டு. வட்டத்தில் இல்லாதவர் கூப்பிட்டால் மணி அடிக்காது, ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும். அந்த மூலையைத் திறந்து பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. திறந்தாள்.

பதினொரு தவறிய அழைப்புகள். முதலாவது பத்து நாற்பத்தொன்றுக்கு. கடைசி, நாலு நிமிஷத்துக்கு முன்னால். பதினொன்றும் ஒரே ஆள். "தண்ணி கேன்" என்று அவளே எப்போதோ பதிந்துவைத்த பேர்.

மருந்துக்கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அடிபட்டவர் இந்தக் கேன்காரர்தான். பள்ளி வண்டியைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்ற ஐந்து வயசுப் பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனார், பாவம். பின்னாலிருந்து யாரோ படம் எடுத்து, "யார் இந்த ஆள்? குழந்தையை எங்கே கூட்டிக்கொண்டு போகிறான்?" என்று பழைய பக்கத்தில் போட்டார்கள். கால் மணி நேரத்தில் கூட்டம் கூடி அடித்தது. அந்தப் பக்கத்தில் பேரில்லாமல் எழுதலாம். எழுதியது யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

டெய்லரக்காவுக்கு மட்டும் தெரியும். தையல் மெஷினுக்கு நேரெதிர் ஜன்னலில் இருந்து அந்தப் படத்தை எடுத்தவள் அவள்தான். முதுகைத்தான் பார்த்தாள். தலையில் துண்டு கட்டியிருந்ததால் வாரம் இரண்டு தடவை தன் வீட்டுக்குத் தண்ணீர் போடுகிறவர் என்று அடையாளம் தெரியவில்லை.

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்கண்ணே? எங்க இருக்காரு?"

"பழைய டிப்போ. கேட்டுக்கிட்ட." குரல் வறண்டிருந்தது. "சீக்கிரம் வாங்கம்மா. ஆளு நல்லா இல்ல."

டிப்போ என்று ஒரு காலத்தில் இருந்தது. இப்போது ஏதோ கம்பெனியின் கிடங்கு. பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தலை தொங்கியிருந்தது. அவருக்குப் பத்தடி தள்ளி, கேன் ஏற்றிய மூன்று சக்கரத் தண்ணீர் வண்டி நின்றது. வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி கேன்காரர் நின்றார். இருவருக்கும் நடுவில், தரையில், மூடி திறந்த தண்ணீர் பாட்டில் ஒன்று.

"நான் தொடலைம்மா," என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. "பெரிய ரோட்டுல இருந்து பின்னாடியே வரேன். ரோட்டைத் தாண்டறப்பல்லாம் வண்டியைக் குறுக்க விட்டு லாரியை நிறுத்தினேன். தொடல. தண்ணியைப் பாதி வழியில வெச்சேன், எடுத்துக்கல. போறவங்க வர்றவங்க அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன். போனைப் பாத்துட்டு, அப்படி ஒண்ணும் வரலையேன்னு போயிட்டாங்க."

அவள் காதில் பாதிதான் விழுந்தது. மண்டியிட்டு, குளுக்கோஸைத் தண்ணீரில் குழைத்து, மாமனாரின் கன்னத்துக்குள் விரலால் தடவினாள். "மாமா. மாமா, முழுங்குங்க." பல் கிட்டிப்போகவில்லை, அந்த மட்டில் சரி. ஆனால் கண் திறக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோக முடியாது. தூக்க முயன்றாள். எண்பது கிலோ உடம்பு அசையவில்லை.

"அண்ணே, ஒரு கை பிடிங்க. வண்டியில போட்டுடலாம்."

கேன்காரர் அசையவில்லை. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அவர் பார்வை அந்தப் போன்களில் இருந்தது.

"முதல்ல நீங்க ஒரு படம் எடுங்கம்மா," என்றார். "நீங்க சொல்லித்தான் தொட்டேன்னு அதுல இருக்கணும். உங்க வாயால."

"அண்ணே, உயிர் போகுது."

"தெரியுது. எனக்கும்தாம்மா நடுங்குது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு இன்னொருதடவை முடியாது." இடது கையைக் காட்டினார். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்ட கை. "எடுங்க. ஓடிருவோம்."

போனை எடுத்தாள். மாமனார் முகம், கேன்காரர் முகம், தன் முகம் மூன்றும் தெரிகிற மாதிரி வண்டியின் மேல் சாய்த்து வைத்தாள். "நான் டெய்லர். இது என் மாமனார், மயங்கிக் கிடக்காரு. இவரு தண்ணிக் கேன் போடறவரு, பேரு..." நின்றுவிட்டாள். வருஷக்கணக்கில் தண்ணீர் வாங்கியவளுக்கு அவர் பேர் தெரியவில்லை. அவர் சொன்னார். அதையும் சேர்த்துச் சொன்னாள். "இவரைத் தூக்கச் சொல்லி நான்தான் கேட்டேன். ஒண்ணரை மணி நேரமா என் மாமனாரைக் காப்பாத்தினது இவருதான்." நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "நாலு வருஷத்துக்கு முன்னாடி இவரைப் பத்திப் பொய்யா படம் போட்டதும் நான்தான்."

கேன்காரர் அதற்கு முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அடுத்த நொடி வண்டியிலிருந்து நாலு கேன்களை உருட்டிக் கீழே தள்ளினார். மாமனாரின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். அவள் காலைப் பிடித்தாள். பிறகு அவர் மிதித்த வேகத்தில் வண்டியின் சங்கிலி அறுந்துவிடும் போல இருந்தது. அவள் மீதிக் கேன்களுக்கு நடுவில் மாமனார் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் தெரு திரும்பியபோது அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். "தெரியும்மா. படத்தோட ஓரத்துல ஜன்னல் கம்பி தெரிஞ்சுது. நடுக்கம்பி வளைஞ்சிருக்கும். அந்த ஜன்னலுக்குக் கீழதான் கேனை இறக்குவேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா யாரு சாட்சி போடுவா?"

ஆஸ்பத்திரியில் சர்க்கரை முப்பத்தொன்று என்று காட்டியது. நர்ஸ் எண்ணைப் படித்துவிட்டு ஓடினாள். டெய்லரக்கா வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மருந்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. எண்ணினாள். இருநூறுக்கு மேல் எண்ண முடியவில்லை.

போனை எடுத்தாள். மாமனாரைக் காணவில்லை என்ற செய்தி இன்னமும் ஒரு சாட்சியோடு தெருவுக்குள்ளேயே நின்றது. அதை அழித்தாள். டிப்போ வாசலில் எடுத்த படத்தை, ஒரு சொல் வெட்டாமல், வட்டத்தில் போட்டாள். உறுதியாக மாட்டாது என்றுதான் நினைத்தாள்.

ஆறே நிமிஷம். மூன்று சாட்சி விழுந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. இஸ்திரிக்காரர், டீச்சர், மருந்துக்கடைக்காரர். பழைய படத்தின் ஓரத்தில் தெரிந்த அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது, கம்பி எப்படி வளைந்திருக்கிறது என்று எல்லாருமே கண்ணால் பார்த்தவர்கள்தான். கீழே வந்து விழுந்ததில் பாதி, "அப்பவே நெனச்சேன்." மீதியைப் படிக்காமல் மூடினாள். மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டது இரண்டு பேர்.

கேன்காரர் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"அந்தப் படத்தை அழிச்சுடாதீங்கம்மா. எனக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்."

அனுப்பப் பார்த்தாள். திரையில் வந்தது: பெறுபவர் வெளியாள். அனுப்ப மூன்று சாட்சிகள் தேவை.

அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல, இப்படிப் பிடிங்க," என்று தன் பழைய போனை எடுத்தார். அவள் தன் போனில் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள். படியின் அந்தப்பக்கம் நின்றபடியே, கோணிய மணிக்கட்டைக் கஷ்டப்பட்டு வளைத்து, அவளுடைய திரையை அவர் படம் பிடித்தார். "நாலு வருஷத்துக்கு முன்னாடி" என்று அவள் குரலே அவளுக்குக் கேட்டது.

கதவுக்கு அந்தப்பக்கம் ஏதோ அசைந்தது. மாமனார் கண் திறந்திருந்தார். வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை, இரண்டாம் தடவையில் வந்தது.

"உள்ள போ. உள்ள போ. நடுவுல இடம் இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போன் கையில் ஆடிவிட்டது.

"ஆட்டாதீங்கம்மா," என்றார் கேன்காரர், படியில் இருந்து நகராமல். "இன்னும் முடியல."